உம்மாவின் ஒட்சிசன் மெஷினும் எங்கள் புது ஜெனரேட்டரும்



டித்வா புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் ஜெனரேட்டர் வாங்கியவர்கள் பத்துப் பேரையாவது எங்களுக்குத் தெரியும். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே போர்ட்டிகோவில் வைத்து இழுத்து ஸ்டார்ட் பண்ணியவர்களும் அதில் இருக்கிறார்கள். போன கிழமை இரண்டு மூன்று பேர் இன்பொக்ஸில் வந்து, "நீங்க எப்படி செஞ்சீங்க, எங்க வெச்சீங்க, எவ்வளவு பெற்றோல் போகுது" என்று கேட்டிருந்தார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட இங்கேயே எழுதிவிடுகிறோம். பதிவு நீளம்தான். தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில், ஏன் வாங்கினோம் என்பது.

எங்கள் உம்மாவை இந்த ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். ஐம்பது வருடம் விறகடுப்பு ஊதிய சுவாசப்பை. நோன்புக் காலத்தில் கஞ்சிப் பானை, பெருநாளைக்கு வட்டிலப்பம், கல்யாண வீடுகளுக்குச் சோறு என்று புகைக்குள்ளேயே நின்றவர். சிகரெட் ஒரு நாளும் தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருவதற்கு விறகுப் புகை பெரிய காரணம் என்று டொக்டர் சொன்னபோதுதான் எங்களுக்கே விளங்கியது. போன வருடத்திலிருந்து வீட்டில் ஒட்சிசன் மெஷின் வைத்திருக்கிறோம். அது அறைக் காற்றை உள்ளே இழுத்து, நைதரசனைப் பிரித்துவிட்டு ஒட்சிசனைக் கொடுக்கும். நிமிடத்துக்கு 2 லீற்றர் அளவில், ஒரு நாளைக்கு 15 மணித்தியாலத்துக்குக் குறையாமல் போடச் சொல்லியிருக்கிறார்கள். விரலில் மாட்டும் மெஷினில் 88க்கும் 92க்கும் இடையில் நின்றால் போதும், அதற்கு மேலே ஏற்றப் பார்க்க வேண்டாம் என்பதும் அவர்கள் சொன்னதுதான். இது எங்கள் உம்மாவுக்குச் சொன்ன கணக்கு. உங்கள் வீட்டு நோயாளிக்கு உங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.

இந்த மெஷின் கரண்ட் இல்லாமல் ஒரு நிமிடமும் ஓடாது. கரண்ட் போனதும் கீ என்று கத்தும். அந்தச் சத்தம் இப்போது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் பழக்கம்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு இருந்ததே, அப்போது உம்மாவுக்கு மெஷின் தேவைப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டதும் ஞாபகம் இருக்கும். அன்றைக்கு நாங்களும் எல்லாரையும் போல மீம்ஸ் பகிர்ந்து சிரித்தோம். நவம்பர் கடைசியில் புயல் வந்தபோது சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று இரவு கரண்ட் இல்லை.

முதல் இரவு பள்ளிவாசலில் கொரோனா காலத்தில் வாங்கி வைத்திருந்த சிலிண்டர் ஒன்றைத் தந்தார்கள். நிரம்பிய சிலிண்டரில் 1,500 லீற்றர். நிமிடத்துக்கு 2 லீற்றர் என்றால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணித்தியாலம். தரம் ஆறு பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கணக்கு. அதை டோர்ச் வெளிச்சத்தில், உம்மாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டு செய்துபார்த்தால் வேறு மாதிரி இருக்கும். இரண்டாவது சிலிண்டர் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து, முழங்கால் வெள்ளத்துக்குள்ளால், உழவு மெஷினில் வந்தது. கொண்டுவந்த தம்பிமார் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். டொக்டரிடம் ஃபோனில் கேட்டு, இரவில் மட்டும் தொடர்ந்து போட்டோம். பகலில் 88க்குக் கீழே இறங்கும்போது மட்டும் போட்டோம். அந்த அறையில் குப்பி விளக்கோ மெழுகுதிரியோ கொளுத்த முடியாது. ஒட்சிசன் இருக்கிற இடத்தில் ஒரு பொறி போதும். ஆகவே இருட்டில்தான் இருந்தோம். மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு கரண்ட் வந்தபோது இரண்டாவது சிலிண்டரின் முள் சிவப்புக்குள் இருந்தது.

அந்தக் கிழமையே சீட்டைக் கேட்டு எடுத்தோம். எங்களுக்கு மார்ச்சில்தான் முறை. ஜனவரி முறைக்காரி ராத்தா மாற்றிக்கொடுத்தார்.

ஏன் சோலார் போடவில்லை என்று கேட்கப் போகிறவர்களுக்கு: கூரையில் போட்டு மின்சார சபைக்கு விற்கிற சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பட்டரியோடு போட்டால் நிற்காது. ஆனால் அந்தக் காசு எங்கள் இரண்டு பேரின் சம்பளத்துக்குள் வராது. இன்வேட்டரும் ஒரு பட்டரியும் மட்டும் வாங்கலாமா என்றும் பார்த்தோம். மெஷின் 350 வாட் இழுக்கும். பத்து மணித்தியாலத்துக்கு 3,500 வாட் மணி வேண்டும். 12 வோல்ற் 100 அம்பியர்மணி பட்டரி ஒன்றில் மொத்தமே 1,200தான், அதையும் பாதிக்கு மேல் இறக்கினால் பட்டரி கெட்டுப்போகும். இரண்டு மணித்தியாலம்கூட ஒழுங்காகக் கிடைக்காது.

சரி, ஜெனரேட்டர். கடையில் "3 கேவி சேர், வீடு முழுக்க ஓடும்" என்றார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது உச்ச அளவு. அது சில விநாடிகளுக்குத் தாங்கக்கூடியது. தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவு சின்ன எழுத்தில், பின் பக்கத்துத் தகட்டில் இருந்தது: 2.5 கிலோவாட். வாங்கப் போகிறவர்கள் தகட்டைக் குனிந்து பாருங்கள், விற்கிறவரின் வாயைப் பார்க்காதீர்கள்.

கட்டாரில் இருக்கும் மச்சான் வொய்ஸ் மெசேஜில் "5 கேவி எடுங்க, பிறகு கவலப்படுவீங்க" என்றார். நாங்கள் ஒரு கொப்பி எடுத்து எழுதிப் பார்த்தோம். உம்மாவின் மெஷின் 350. பிரிஜ் ஓடும்போது 150 அளவில், ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதைப் போல மூன்று நான்கு மடங்கு. எல்ஈடி பல்ப் மூன்றுக்கு 30. ஃபேன் இரண்டுக்கு 130. ஃபோன்களும் ரவுட்டரும் 40. எல்லாம் சேர்த்து 700. கிணற்று மோட்டார் அரைக் குதிரைவலு, ஸ்டார்ட் ஆகும்போது நிறைய இழுக்கும். ஆகவே மற்றதை நிறுத்திவிட்டு அதைத் தனியாக ஓட்டுவது. அயன் பொக்ஸ், கேத்தல், ரைஸ் குக்கர் மூன்றுக்கும் தடை. கேத்தல் ஒன்றே 2,000 வாட் தின்றுவிடும். காஸ் அடுப்பு எதற்கு இருக்கிறது? 2.5 தாராளம் என்று முடிவெடுத்தோம். பெரிய மெஷின் வாங்கினால் பெரிய மெஷினுக்கே பெற்றோல் ஊற்ற வேண்டும்.

இப்போது எங்களுக்கு அதிக நாள் எடுத்த விசயத்துக்கு வருகிறோம். அது மெஷின் அல்ல, அதை வைக்கிற இடம்.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள் என்பதால் காபனோரொட்சைட்டைப் பற்றி வகுப்பில் வருடாவருடம் சொல்கிறோம். நிறம் இல்லை, மணம் இல்லை. ஈமோகுளோபினோடு ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, சத்தி. தூங்குகிற ஆளுக்கு அதுவும் தெரியாது, எழும்பவே மாட்டார். ஜெனரேட்டரின் புகைக்குழாயிலிருந்து வருவது அதுதான். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப் பக்கம் பார்த்திருக்க வைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், குசினியில் வைத்தால் போதும், கராஜ் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பதெல்லாம் பிழை. அதிலும் எங்கள் வீட்டில், அறைக் காற்றை இழுத்து உம்மாவின் மூக்குக்குள் விடுகிற மெஷின் ஒன்று இருக்கிறது. அறைக்குள் என்ன காற்று வருகிறதோ அதைத்தான் அது இழுக்கும்.

20 அடி என்று கையேட்டில் எழுதுகிறவர்களுக்கு நம்முடைய ஊரின் நெருக்கம் தெரியாது. எங்கள் வளவு ஏழு பேர்ச். முன்னால் ஒழுங்கை, பின்னால் கிணறும் குளியலறையும், இரண்டு பக்கமும் மதில், மதிலோடு ஒட்டி அடுத்த வீட்டு ஜன்னல். டேப் பிடித்து அளந்தோம். போர்ட்டிகோ, உம்மாவின் அறை ஜன்னலுக்கு ஆறடி. கிணற்றடி மூலை எங்கள் வீட்டுக்குப் பதினெட்டு அடி வந்தது, ஆனால் பக்கத்து வீட்டுக் குசினி ஜன்னலுக்கு எட்டே எட்டு அடி. அந்த வீட்டில் நாற்பது நாள் முடியாத பிள்ளை. எங்கள் உம்மாவுக்கு நல்ல காற்று வேண்டும் என்பதற்காகப் பச்சைப் பிள்ளையின் வீட்டுக்குள் புகையை அனுப்புவது எப்படி? மொட்டைமாடியில் ஏற்றலாம் என்றார் ஒருவர். 42 கிலோ மெஷினை ஏற்றலாம்தான். மழை இரவில் பெற்றோல் கேனைத் தூக்கிக்கொண்டு வழுக்குகிற படியில் யார் ஏறுவது?

கடைசியில் எதிர்ப்பக்கத்துச் சாச்சியிடம் போனோம். அவருடைய வீட்டுக்குப் பின்னால் மகனுக்கென்று விட்டிருக்கும் வெறும் வளவு ஒன்று இருக்கிறது. அதன் மூலையிலிருந்து எங்கள் சுவருக்கு 27 அடி, சாச்சியின் வீட்டுக்கு 34 அடி, மற்ற வீடுகள் அதற்கும் தூரம். சாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"சத்தம் போடுமா புள்ள?"

போடும் சாச்சி, பொய் சொல்ல மாட்டோம் என்றோம். கையேட்டில் என்ன எழுதியிருந்தாலும் அது கத்தும்.

"ராவைக்கு எனக்கு நித்திர வேணும். பகலைக்கு என்னமும் செய்யுங்க."

இந்த ஒரு வார்த்தைதான் எங்கள் முழுத் திட்டத்தையும் ஒழுங்கு செய்தது. இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்துவது. பத்திலிருந்து சுபஹு வரை ஏழு மணித்தியாலம் சிலிண்டர். ஏற்கெனவே சொன்ன கணக்குப்படி ஒரு சிலிண்டரில் பன்னிரண்டரை மணித்தியாலம் என்றால், இரண்டு சிலிண்டரில் மூன்றரை இரவு. பகலில் மெஷின், இரவில் சிலிண்டர். வீட்டில் எல்லாரும் தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக் கூடாது என்பதும் இதிலேயே வந்துவிட்டது. சாச்சிக்கு நித்திரை, எங்களுக்குப் பாதுகாப்பு. பகரமாக நாங்கள் என்ன செய்யட்டும் என்று கேட்டதற்கு, "இன்சுலின் ரெண்டு குப்பி இரிக்கி, கரண்ட் போனா உங்கட பிரிஜ்ல வெச்சிருங்க" என்றார். புயல் நாட்களில் அதை ஈரத் துணி சுற்றி மண் பானைக்குள் வைத்திருந்திருக்கிறார். எதிர் வீட்டில் இருந்துகொண்டு அது எங்களுக்குத் தெரியாது.

மூலையில் சீமெந்துக் கல் வைத்து ஒன்றரை அடி உயரத்தில் மேடை கட்டினோம், வெள்ளத்துக்காக. மேலே நான்கு தூணில் ஒரு தகரம், நான்கு பக்கமும் திறந்து. மழை படக் கூடாது, காற்றும் அடைபடக் கூடாது. ஒரு சங்கிலியும் பூட்டும். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

வயரிங்கில் ஒரு கதை இருக்கிறது. முதலில் வந்த ஒருவர், "என்னத்துக்கு சேர் செலவு? ரெண்டு பக்கமும் ஆண் பிளக் வெச்ச வயர் ஒண்டு செஞ்சு தாறன், ஹோல் சொக்கட்ல குத்துங்க, வீடு முழுக்க வரும்" என்றார். ஊரில் பல வீடுகளில் இப்படித்தான் ஓடுகிறது, எங்களுக்குத் தெரியும். மெயின் சுவிட்சை நிறுத்த ஒரு தடவை மறந்தால் போதும், உங்கள் ஜெனரேட்டரின் 230 வோல்ற் லைனுக்குள் போகும், ஒழுங்கை முனை ட்ரான்ஸ்போமரில் தலைகீழாக ஏறி ஆயிரக்கணக்கான வோல்ற்றாகும். அங்கே கம்பத்தில் நிற்கிறவர் லைன் செத்திருக்கிறது என்று நினைத்துக் கை வைப்பார். புயலுக்குப் பிறகு நம் ஊருக்குக் கரண்ட் தர மழையில் ஏறி நின்றவர்கள் அவர்கள்தான். தவிர, அந்த வயரின் ஒரு பக்கத்தைக் கழற்றினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்னில் உயிருள்ள கரண்ட். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அடுத்து வந்த வயரிங் பாஸ் மெயினுக்குப் பக்கத்தில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டார். ஒரு பக்கம் மின்சார சபை, மறு பக்கம் ஜெனரேட்டர், நடுவில் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சேர வழியே இல்லை. ஜெனரேட்டர் பக்கத்தில் உம்மாவின் அறை, பிரிஜ், ஹோல் லைட், மோட்டார் மட்டும். ஏர்த் ரொட் ஒன்று அடித்தார். சின்ன ஜெனரேட்டர்கள் பலதில் நியூட்ரல் ஏர்த்தோடு சேர்ந்திராது, அப்படியே விட்டால் வீட்டு ட்ரிப் சுவிட்ச் ஆபத்து நேரத்தில் விழாமல் இருக்கலாம் என்று சொல்லி அதையும் ஒழுங்கு செய்து, டெஸ்ட் பொத்தானை அழுத்தியதோடு விடாமல் கருவி வைத்தும் பார்த்தார். இந்த இடத்தில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், கூலியைப் பேரம் பேசாதீர்கள்.

இனி ஓட்டிப் பழக்கிய கதை.

பெட்டியில் வரும்போது என்ஜினுக்குள் ஒயில் இருக்காது. புது ஆட்கள் பெற்றோலை ஊற்றிவிட்டு இழுத்து இழுத்துக் கை நோவார்கள். நல்ல மெஷினென்றால் ஒயில் குறைவைக் கண்டுபிடித்துத் தானே ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். எங்கள் மெஷினுக்கு 600 மில்லிலீற்றர், 10 டபிள்யூ 30. சமதரையில் வைத்து ஊற்ற வேண்டும். கம்பியை முறுக்காமல் சும்மா உள்ளே விட்டு எடுத்து மட்டத்தைப் பார்க்க வேண்டும். இது மெஷினுக்கு மெஷின் மாறும், கையேட்டைப் பாருங்கள். பெற்றோலில் ஒயில் கலக்கக் கூடாது. அது பழைய ரூ ஸ்ட்ரோக்கின் வேலை, இது ஃபோர் ஸ்ட்ரோக்.

புது என்ஜினுக்குள் பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் இன்னும் ஒன்றுக்கொன்று பழகவில்லை. முதல் சில மணித்தியாலத்தில் ஒன்றை ஒன்று மெல்லத் தேய்த்துப் பொருந்துகின்றன. அந்த நேரத்தில் முழுப் பாரத்தையும் போட்டால் சூடு கூடிக் கீறல் விழும். பாரமே போடாமல் சும்மா மணிக்கணக்கில் ஓட விட்டாலும் வளையம் ஒழுங்காகப் பொருந்தாது. சின்னப் பாரம், கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, இடையில் நிறுத்தி ஆற விட வேண்டும். புதிதாக வந்த ஆசிரியருக்கு முதல் நாளே நாற்பது பிள்ளைகளும் பரீட்சைத் தாளும் மைதானக் கடமையும் கொடுக்கிற அதிபர்கள் இதைக் கவனிக்கலாம். (எங்கள் அதிபர் அப்படி இல்லை. அவரும் இந்தப் பதிவை வாசிப்பார்.)

ஜனவரி முதல் சனிக்கிழமை, லுஹருக்குப் பிறகு, பெற்றோல் வால்வைத் திறந்து, சோக்கை இழுத்து, கயிறை மெல்ல இழுத்துப் பாரம் தட்டும் இடம் வந்ததும் ஒரே இழுவை. மூன்றாவது இழுவையில் எடுத்தது. சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, ஐந்து நிமிடம் சூடாக விட்டு, பிறகு இரண்டு ஃபேனும் மூன்று பல்ப்பும். சத்தம் கேட்டு ஒழுங்கையில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள்.

"கரண்ட் இரிக்கிற நேரத்தில என்னத்துக்கு புள்ள இத ஓட்டுற?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார்.

கரண்ட் இல்லாத நேரத்தில் பழக முடியாது மாமா என்றோம். கலாசாலையில் எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் இருந்தார். செய்முறை ஒன்றைப் பிள்ளைகள் முன்னால் செய்யமுதல் நீங்கள் தனியாக ஒரு தடவை முழுதாகச் செய்துபாருங்கள் என்று அலுக்காமல் சொல்வார். அவருடைய பாடத்தில் நாங்கள் கற்ற வேறு எதுவும் இவ்வளவு தடவை உதவவில்லை.

ஒரு மணித்தியாலம் ஓட்டி, ஃபேன் பல்ப் எல்லாவற்றையும் நிறுத்தி, பாரம் இல்லாமல் மூன்று நிமிடம் ஓட விட்டு, பிறகுதான் நிறுத்தினோம். நன்றாக ஆறிய பிறகு மறுபடி. சூடான என்ஜினுக்குப் பெற்றோல் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரிஜைச் சேர்த்தோம். அது எடுக்கும் கணத்தில் என்ஜின் ஒரு தடவை இருமிவிட்டுச் சுதாரித்தது. மல்ட்டிமீற்றரில் பார்த்தோம், 226க்கு இறங்கி 231க்கு வந்தது. தள்ளிப்போன உயர்தரப் பரீட்சையின் மிச்சப் பாடங்களுக்குப் படித்துக்கொண்டிருந்த எங்கள் பழைய மாணவிகள் மூன்று பேர் வந்து, இவ்வளவு சத்தத்துக்குள்ளும் ஹோலில் இருந்து படித்தார்கள். புயல் இரவுகளில் மெழுகுதிரிக்குள் படித்த பிள்ளைகள். சத்தம் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை.

ஐந்து மணித்தியாலம் முடிந்ததும், சூடு இருக்கும்போதே ஒயிலை வடித்தோம். கையேட்டில் 20 மணித்தியாலம் அல்லது முதல் மாதம் என்றுதான் இருக்கிறது. வயரிங் பாஸ் ஐந்தில் ஒரு தடவை மாற்று என்றார். அரை லீற்றர் ஒயிலுக்கு யோசிக்க என்ன இருக்கிறது என்று இரண்டையும் செய்தோம். வெள்ளைக் கோப்பையில் ஊற்றிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில், மீன் செதிள் தூள் கலந்த மாதிரி மினுங்கியது. உலோகங்கள் பழகியதன் தூள். 20ஆவது மணித்தியாலத்தில் வடித்தபோது அந்த மினுக்கம் அநேகமாக இல்லை. பழைய ஒயிலைக் கானுக்குள் ஊற்றவில்லை. போத்தலில் அடைத்து ஒழுங்கை முனை கராஜ்காரரிடம் கொடுத்தோம்.

ஐந்து மணித்தியாலம் முடியும்வரை உம்மாவின் மெஷினைச் சேர்க்கவில்லை. அதை விற்றவர்களிடம் ஜெனரேட்டரின் விபரத்தைச் சொல்லிக் கேட்டு, அவர்கள் சொன்ன ஸ்டெபிலைசரை நடுவில் வைத்தோம். அன்று திங்கட்கிழமை, அஸருக்குப் பிறகு. உம்மா கட்டிலில் தஸ்பீஹோடு இருந்தார். சேஞ்ச் ஓவரைத் திருப்பியபோது மெஷின் வழக்கம் போல கீ என்று கத்தியது. உம்மாவின் கை தஸ்பீஹ் மணியில் அப்படியே நின்றது. அந்த மூன்று இரவும் அவர் எதுவும் சொல்லவில்லை, பயந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. அந்தக் கை நின்றதைப் பார்த்தபோதுதான் அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்று எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு விநாடி. மறுபடி மெஷினின் மூச்சுச் சத்தம் தொடங்கியது. விரலில் 90, பத்து நிமிடத்தில் 91.

"இது எந்தக் கரண்ட்?" என்று கேட்டார்.

நம்மட கரண்ட் உம்மா என்றோம்.

"சாச்சிக்குச் சத்தம் கேக்குதா, கேட்டுட்டு வாங்க."

அரை மணித்தியாலம் கழித்து, ஜன்னலடியில் புகை மணம் எதுவும் வருகிறதா என்று நாங்கள் இருவரும் மாறி மாறி நின்று பார்த்தோம். மணம் வராததால் காபனோரொட்சைட்டு இல்லை என்று சொல்ல முடியாது, அதுவும் தெரியும். அதனால் அந்தப் பக்க ஜன்னலை ஜெனரேட்டர் ஓடும்போது மூடியே வைப்பது, காற்று மாறி வீட்டுப் பக்கம் அடித்தால் நிறுத்துவது என்று வைத்திருக்கிறோம். காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்று கொழும்பிலிருந்து எடுப்பித்து உம்மாவின் அறையில் வைத்தோம். வாங்குகிற காசில் அதற்கும் ஒதுக்குங்கள்.

பெற்றோல் கணக்கு கேட்டவர்களுக்கு: எங்கள் பாரத்துக்கு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் குறைய. லீற்றர் முந்நூறு ரூபாயை ஒட்டி நின்றபோது, ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் ஓட்டினால் இரண்டாயிரத்துச் சொச்சம் வந்தது. வசதிக்கு ஓட்டுகிற சாமான் இல்லை இது. பெற்றோலை வீட்டுக்குள் வைக்கவில்லை. மூடியுள்ள கேனில், நிழலில், மெஷினிலிருந்து தள்ளி. இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வைத்த பெற்றோல் பழுதாகி காபரேட்டரை அடைத்துவிடும் என்பதால், பழையதை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிவிட்டுப் புதியது வாங்கி வைக்கிறோம்.

நேற்று வரை 23 மணித்தியாலம். சுவரில் தொங்கும் கொப்பியில் மகள் எழுதி வருகிறாள்: திகதி, தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், என்ன பாரம். அடுத்த ஒயில் மாற்றம் 100இல். பள்ளிவாசல் சிலிண்டர் இரண்டையும் நிரப்பித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எங்களுக்கென்று ஒன்று வாங்கியிருக்கிறோம், இரண்டாவது நோன்புக்கு முதல் வரும், இன்ஷா அல்லாஹ். ஊரில் வேறு யார் வீட்டிலாவது ஒட்சிசன் மெஷின் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். யாரிடம் எத்தனை சிலிண்டர் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால், அடுத்த தடவை பக்கத்து ஊருக்கு உழவு மெஷின் அனுப்பமுதல் நம் ஒழுங்கைக்குள்ளேயே தேடலாம்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு இருபது நிமிடம் பாரத்தோடு ஓட்டிப் பார்க்கிறோம். பார்க்க விரும்புகிறவர்கள் சாச்சியின் வளவுக்கு வரலாம். பிள்ளைகளைத் தூர நிற்கச் சொல்லுங்கள், புகைக்குழாய் சுடும்.